அலுவலகத்தில் ரெனவேஷன் நடக்கும்போது நீங்கள் பார்த்த காதல் கூத்துகளும் வேலைக் குளறுபடிகளும் என்னென்ன?

இந்தக் கேள்விக்கு இதுவரை பதில் எழுதியவர்கள் எல்லாரும் தூசிக்குள் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். நான் தூசி கிளப்பும் கட்சி. மஞ்சள் ஹெல்மெட்டோடு உங்கள் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "மேடம், ஒரு பத்து நிமிஷம் எழுந்துக்கறீங்களா, மேல டிரில் பண்ணணும்" என்று சொல்லி ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளும் இன்டீரியர் சைட் எஞ்சினியர். காலிக் கட்டடத்தில் வேலை செய்வது சுகம், ஆனால் அதில் கதை கிடையாது. ஆட்கள் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே தளத்தைப் பாதி பாதியாகப் பிரித்துப் போடும் வேலை இருக்கிறதே, அங்கேதான் எல்லாக் கூத்தும்.

ஓர் அலுவலகத்தில் யாருக்கு யாரைப் பிடிக்கும், யார் யாரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பதெல்லாம் சுவரையும் கதவையும் நம்பி ஒளிந்திருக்கும் சமாச்சாரம். நாங்கள் போய் முதல் வேலையாக அந்தச் சுவரையும் கதவையும் கழற்றுகிறோம். பிறகு புதிதாக மாட்டுகிறோம், அது என்ன செய்யும் என்று யாருக்கும் பழக்கமாகவில்லை. அந்த இடைவெளியில் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றித்தான் இந்தப் பதில். நிறுவனம் எது, ஆள் யார் என்று சொல்லமாட்டேன். எல்லாம் ஒரே இடத்தில் நடந்ததும் இல்லை.

முதல் அறிகுறி, சீட் லேஅவுட். புது வரைபடத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டிய மறுநாளே ஒருவர் ஒருவராக என்னைத் தேடி வருவார்கள். இன்னார் பக்கத்தில் இடம் கொடுங்கள் என்று யாரும் நேராகக் கேட்டதில்லை. "மேடம், எனக்கு ஏசி காத்து ஒத்துக்காது. அந்த மூலைக்கு மாத்திவிட முடியுமா?" என்றார் ஒரு இளைஞர். அவர் கை காட்டிய மூலையில்தான் ஏசி காற்று வெளியே வரும் டக்ட் வாய் இருக்கிறது, தளம் முழுவதிலும் அதிகமாகக் குளிரும் இடம் அது. சரி, அங்கே யார் உட்காரப்போகிறார்கள் என்று பட்டியலைப் பார்த்தேன், விஷயம் விளங்கிவிட்டது. மாற்றிக் கொடுத்தேன். அன்று மாலையே அந்தப் பெண் வந்தார். "அக்கா, அந்த மூலைல ரொம்பக் குளிருமாமே, என்னை ஜன்னல் பக்கம் போட்டுடுங்க." அவருக்கு உண்மையிலேயே குளிர்தான் பிரச்சினை. அவரையும் மாற்றினேன். காலியான இடத்துக்கு இளைஞரின் மேலாளரே விரும்பி வந்து உட்கார்ந்தார். அந்த மழைக்காலம் முழுக்க இளைஞர் ஜெர்கினோடு மேலாளர் பக்கத்தில் இருந்ததைப் பார்த்தேன்.

அந்த இளைஞரையும் குறை சொல்ல முடியாது. 1970களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் தாமஸ் ஆலன் பொறியாளர்களின் உட்காரும் இடங்களை அளந்து பார்த்து, மேசைகளுக்கு நடுவே தூரம் கூடக் கூடப் பேச்சு செங்குத்தாகக் குறைகிறது என்று காட்டினார். ஏறக்குறைய 50 மீட்டர் தாண்டிவிட்டால் ஒரே கட்டடமானாலும் வேறு ஊர்தான். அவர் ஆராய்ந்தது தொழில்நுட்பப் பேச்சை. லேஅவுட் ஒட்டிய மறுநாள் என்னிடம் வரும் கூட்டத்தைப் பார்த்தால், மற்றப் பேச்சுக்கும் இதே கணக்குதான் என்று தோன்றும்.

இனி என் அனுபவத்தில் முதல் பரிசுக்குரிய கதை.

ஒரு நிறுவனத்தில் இயக்குநருக்குப் புது அறை. ஜிப்சம் போர்டு அடித்து, ஜாயின்ட் டேப் ஒட்டி, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சுவர் பெயின்ட்டுக்குத் தயார். நெட்வொர்க் பாயின்ட் எங்கெங்கே வரவேண்டும் என்று குறிக்க ஐ.டி. பிரிவிலிருந்து ஒரு பையன் மார்க்கர் பேனாவோடு வந்தான். டி1, டி2, டி3 என்று குறித்தான். குறித்து முடித்ததும் சுவர் காலியாக இருப்பதைப் பார்த்தானோ என்னவோ, இயக்குநரின் நாற்காலிக்குப் பின்னால் வரப்போகும் இடத்தில் ஒரு பெண்ணின் பெயரை அழகாக எழுதிவிட்டுப் போய்விட்டான். மறுநாள் பெயின்ட் அடித்துவிடுவார்கள், பெயர் சுவருக்குள்ளேயே யாருக்கும் தெரியாமல் காலத்துக்கும் இருக்கும் என்பது அவன் கணக்கு. கவிதையாகத்தான் யோசித்திருக்கிறான். கெமிஸ்ட்ரிதான் அவனுக்குக் கைகொடுக்கவில்லை.

பென்சிலில் எழுதியிருந்தால் அவன் நினைத்தபடியே மறைந்திருக்கும். பெர்மனன்ட் மார்க்கரின் சாயம் அப்படியல்ல. மேலே ஈரப் பெயின்ட் பட்டதும் அது இளகி, பெயின்ட் காயக் காய அதோடு சேர்ந்து மேலே ஊறி வந்துவிடும். முதல் கோட்டிங் அடித்த மறுநாள் காலை பெயின்டர் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். சுவரில் இளஞ்சிவப்பாக, லேசாக, அந்தப் பெயர். இரண்டாவது கோட்டிங் அடித்தார். மறுபடி வந்தது. மூன்றாவது அடித்ததும் எழுத்து கொஞ்சம் பரவி, முன்பைவிடப் பெரிதாகவே தெரிந்தது.

"மேடம், நான் முப்பது வருஷமா அடிக்கிறேன். இந்தப் பொண்ணு போகமாட்டேங்குது" என்றார்.

அந்த நேரம் பார்த்து இயக்குநர் அறையைப் பார்க்க வந்தார். தன் நாற்காலிக்கு நேர் பின்னால், சரியாகத் தலைக்கு மேலே, ஒரு பெண் பெயர். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. புது அலுவலகத் திறப்புக்கு அவர் மனைவி வருவதாக ஏற்பாடு. மனைவியின் பெயர் அது இல்லை.

சிக்கல் அதோடு நிற்கவில்லை. அந்த அலுவலகத்தில் அதே பெயரில் இரண்டு பேர். ஒருவர் புதிதாகச் சேர்ந்த பயிற்சிப் பணியாளர். மற்றவர் உள்தணிக்கைப் பிரிவின் தலைவர், ஓய்வு பெற இருந்தவர், அவர் வராந்தாவில் நடந்தால் ஆட்கள் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். சுவர் இயக்குநருடையது, வயதும் பதவியும் பொருந்துவது தணிக்கையம்மாவோடு. பிறகு கேட்கவா வேண்டும். மதியத்துக்குள் தளம் முழுக்க ஒரு கதை தயாராகிவிட்டது. இருபது வருஷம் முன்பே என்று வேறு சேர்த்துக்கொண்டார்கள்.

தணிக்கையம்மாவே அறைக்கு வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவரைப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். கோபம் எதுவும் இல்லை, ஒரு பில்லைச் சரிபார்க்கும் முகம்தான். பிறகு அறையைச் சுற்றிக் கண்ணை ஓட்டினார். ஓரங்களில், இன்னும் பெயின்ட் அடிக்காத இடத்தில், டி1, டி2 குறிகள். அதே மார்க்கர். பெயரில் வரும் எழுத்தின் கொக்கியும் 'டி'யின் கொக்கியும் ஒன்று.

"இந்த பாயின்டெல்லாம் யார் குறிச்சது?"

பையனைக் கூப்பிட்டார்கள். வந்ததும் சுவரைப் பார்த்தான், மறைக்கும் உத்தேசமே இல்லாமல் வேர்த்தது. தணிக்கையம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "தம்பி, இனிஷியல் போட்டு எழுதியிருக்கக்கூடாதா? என் பேர் கெட்டிருக்காதில்ல?"

இயக்குநர் விட்ட பெருமூச்சு எனக்கு வெளியே கேட்டது. வேலையை முடிக்க வழி ஷெல்லாக் பிரைமர் என்று ஒன்று இருக்கிறது. அரக்கிலிருந்து வரும் பிசினை ஸ்பிரிட்டில் கரைத்துச் செய்வது. கறை மேலே ஏறாமல் அது மூடி போட்டுவிடும், அதன் மேல் வழக்கமான பெயின்ட் அடிக்கலாம். பையன் தன் காசில் ஒரு டின் வாங்கிவந்தான். பயிற்சிப் பெண்ணுக்கு அவன் மனசு தெரிந்தது இப்படித்தான், மொத்த அலுவலகத்துக்கும் தெரிந்த பிறகு. அவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ஹேண்ட்ஓவர் முடிந்து நான் கிளம்பிவிட்டேன். ஆனால் பிரைமர் அடிப்பதற்கு முன்னால் அவர் அந்த அறைக்குள் போய் ஒரு போட்டோ எடுத்ததைப் பெயின்டர் அண்ணன் பார்த்திருக்கிறார்.

கண்ணாடி விஷயத்துக்கு வருகிறேன். பொத்தானை அழுத்தினால் தெளிவாகவும் மங்கலாகவும் மாறும் கண்ணாடியை மீட்டிங் ரூம்களில் பார்த்திருப்பீர்கள். பலரும் தலைகீழாகப் புரிந்துவைத்திருப்பது இதைத்தான்: கரண்ட் இல்லாதபோதுதான் அது பால்வெள்ளை. உள்ளே இருக்கும் திரவப் படிகத் துளிகள் தாறுமாறாகக் கிடந்து வெளிச்சத்தைச் சிதறடிக்கும். கரண்ட் பாய்ந்ததும் அவை வரிசையில் நின்று, கண்ணாடி கண் இமைப்பதற்குள் தெளிவாகிவிடும். அதனால் இணைப்பு கொடுக்கும்வரை அந்த அறை தளத்திலேயே பத்திரமான மறைவிடம் போலத் தெரியும்.

அப்படி ஓர் அறைக்குள் ஒருவர் தனியாகப் போய் ஒத்திகை பார்த்திருக்கிறார். அன்று மாலை ஒரு பெண்ணிடம் மனதைச் சொல்வதாகத் திட்டம். காலி நாற்காலியைப் பெண்ணாக நினைத்துக்கொண்டு, கையை இப்படி வைப்பதா அப்படி வைப்பதா என்று பார்த்து, கொஞ்சம் குனிந்து, பிறகு நிமிர்ந்து, மறுபடி முதலிலிருந்து. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் எலக்ட்ரிஷியன் கீழே பேனலில் அந்த லைனைச் சோதித்துப் பார்க்க ஆன் செய்துவிட்டார். வெளியே மனிதவளப் பிரிவின் மேலாளர், அவரோடு புதிதாகச் சேர்ந்த ஒரு கூட்டம், ஓரமாக அந்தப் பெண்ணும். சத்தம் கேட்கவில்லை, காட்சி மட்டும். அவர் திரையைப் பார்த்து நின்றதால் எதையும் கவனிக்கவில்லை.

மேலாளர் புதியவர்களிடம் மெதுவாகச் சொன்னார்: "பாருங்க, பிரசன்டேஷனுக்கு எப்படித் தயார் ஆகணும்னு இவர்கிட்ட கத்துக்கணும்."

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. போய்க் கண்ணாடியைத் தட்டினார். அவர் திரும்பினார். எல்லாரையும் பார்த்தார். சரியாக அந்த நொடியில் எலக்ட்ரிஷியன் கீழே சோதனை முடிந்தது என்று ஆஃப் செய்தார். கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. உள்ளே அவர் என்ன பாடுபட்டார் என்பதை அந்த வெள்ளைதான் காப்பாற்றியது. திறப்பு விழாவில் நிறுவனத்தைப் பற்றிப் பேச அவரையே நியமித்தார்கள்.

பூட்டுக் கதை ஒன்று. சர்வர் ரூம் கதவுக்கு மின்காந்தப் பூட்டு போட்டிருந்தோம், கார்டு தேய்த்தால் திறப்பது. பேக்கப் பேட்டரி இன்னும் இணைக்கவில்லை. ஒரு மாலை கரண்ட் போய், வந்த பிறகு, உள்ளேயிருந்து இரண்டு பேர் வெளியே வந்தார்கள். "கரண்ட் போனதால லாக் ஆயிடுச்சு, மாட்டிக்கிட்டோம்" என்றார்கள். எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். நானும் எலக்ட்ரிஷியனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டோம். மின்காந்தப் பூட்டு கரண்ட் இருக்கும்வரைதான் பிடித்துக்கொண்டிருக்கும், கரண்ட் போனால் கதவு தானாக விட்டுவிடும். தீப்பிடித்தால் ஆட்கள் உள்ளே சிக்கக்கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. அந்த நேரத்தில் அந்தக் கட்டடத்திலேயே பூட்டாத கதவு அது ஒன்றுதான்.

நாங்கள் வாயைத் திறக்கவில்லை. ஆனால் நிர்வாகம் சும்மா இருக்குமா? பூட்டில் கோளாறு, ஊழியர்கள் அடைபட்டார்கள், விளக்கம் தேவை என்று எங்கள் கம்பெனிக்கு மெயில் போட்டுவிட்டது. உண்மையை எழுதினால் அவர்கள் மாட்டுவார்கள், பூட்டு பழுது என்று எழுதினால் நான் மாட்டுவேன். யோசித்து இப்படி எழுதினேன்: "பூட்டு சோதிக்கப்பட்டது, சரியாக இயங்குகிறது. மின்சாரம் இல்லாத நேரத்தில் கதவைத் தள்ளினாலே திறக்கும் என்பதை ஊழியர்களுக்குத் தெரிவிப்பது நல்லது." ஒரு வார்த்தை பொய் இல்லை. நிர்வாகம் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, கதவின் உள்பக்கம் 'தள்ளவும்' என்று பெரிய சிவப்பு எழுத்தில் ஸ்டிக்கர் ஒட்டியது. எல்லாருக்கும் ஒரு பயிற்சி வகுப்பும் நடத்தி, கதவைத் தள்ளிக் காட்ட அந்த இருவரையே முன்னால் கூப்பிட்டார்கள்.

சின்னச் சின்னதாகவும் நிறைய உண்டு. பட்டி தேய்க்கும்போது ஸ்மோக் டிடெக்டருக்குத் தொப்பி போடாவிட்டால் மாவுத் தூசியைப் புகை என்று நினைத்து அலறும். அப்படி அலறிய ஒரு நாளில் மொத்த அலுவலகமும் வெளியே ஓடி நின்றபோது, காய்ச்சல் என்று விடுப்பு எழுதியிருந்த ஒருவர் எதிர்க்கட்டட வாசலில், அதேபோல் காய்ச்சலில் இருந்த இன்னொருவரோடு நின்றுகொண்டிருந்தார். இன்னோர் இடத்தில் கேபின்களை எல்லாம் உடைத்துத் திறந்த தளமாக மாற்றினோம். முன்பு நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்த இருவர் அடுத்தடுத்த மேசைக்கு வந்ததும் ஒரு வார்த்தை பேசவில்லை. பிரிந்துவிட்டார்கள் என்று அலுவலகமே துக்கம் விசாரித்தது. பார்த்தால், இருவரும் சாட்டில் இருந்தார்கள். இதுவும் தெரிந்த விஷயம்தான். 2018ல் ஈதன் பெர்ன்ஸ்டைன், ஸ்டீபன் டர்பன் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், திறந்த தளத்துக்கு மாறிய இரண்டு நிறுவனங்களில் நேருக்கு நேர் பேசுவது சுமார் 70 சதவீதம் குறைந்து, மெயிலும் மெசேஜும் கூடியிருந்தது. சுவரை எடுத்தால் ஆட்கள் நெருங்குவார்கள் என்று நம்பும் நிர்வாகங்களிடம் நான் இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். யாரும் கேட்டதில்லை, ஏனென்றால் சுவர் இல்லாவிட்டால் செலவு குறைவு.

செலவு என்றதும் சீலிங் ஞாபகம் வருகிறது. கேபின் சுவரை மேலே கான்கிரீட் ஸ்லாப் வரை கொண்டுபோவதுதான் முறை. பட்ஜெட் குறைக்கச் சொன்னால் முதலில் வெட்டுவது இதைத்தான், ஃபால்ஸ் சீலிங்கோடு சுவரை நிறுத்திவிடுவார்கள். கீழே நின்று பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் சீலிங்குக்கு மேலே எல்லா அறைக்கும் ஒரே வெற்றிடம். ஓர் அறையில் பேசுவது டைல் வழியாக மேலே ஏறி, அடுத்த அறையில் தலைக்கு மேலிருந்து இறங்கும். தடுப்பு எவ்வளவு சத்தத்தை நிறுத்துகிறது என்பதற்கு எஸ்.டி.சி. என்றோர் அளவு உண்டு. 25 என்றால் பக்கத்து அறைப் பேச்சு வார்த்தை வார்த்தையாகப் புரியும். 50ஐத் தொட்டால்தான் நிம்மதி. சுவர் 50க்குச் செய்ததாக இருந்தாலும் மேலே திறந்துகிடந்தால் பயனில்லை.

ஒரு கேபினில் வருடாந்தர அப்ரைசல். பக்கத்துக் கேபின் காலியென்று நினைத்து ஒரு ஜோடி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. மேலாளர் எதிரே இருந்தவரிடம் நிதானமாகக் கேட்டார்: "சொல்லுங்க, இந்த வருஷம் உங்க பக்கத்துல என்ன முன்னேற்றம்?"

மேலேயிருந்து ஒரு பெண் குரல்: "ஒரு முன்னேற்றமும் இல்ல! வீட்ல பேசறேன், வீட்ல பேசறேன்னு மூணு வருஷமா இதையேதான் சொல்றே!"

எதிரே இருந்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேலாளர் சமாளித்துக்கொண்டு, "அடுத்த வருஷத்துக்கு உங்க இலக்கு..." என்று தொடங்கினார்.

மேலே ஆண் குரல்: "அடுத்த வருஷம் கண்டிப்பா."

"போன வருஷமும் இதே தேதிதான் சொன்னே!"

இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு அசையாமல் சீலிங்கைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்கள். அந்த அறை விளக்குக்கு அசைவு சென்சார் போட்டிருந்தோம். உடம்புச் சூடு நகர்ந்தால்தான் அதற்கு ஆள் இருப்பது தெரியும், அசையாமல் இருந்தால் காலி என்று முடிவுகட்டிவிடும். விளக்கு அணைந்தது. நான் சீலிங் வேலையைப் பார்க்கக் கதவைத் திறந்தபோது, இருட்டில் இரண்டு பேர் அண்ணாந்து பார்த்தபடி இருந்தார்கள். மேலாளர் விரலை உதட்டில் வைத்து, "ஷ்... இருங்க, அவர் அம்மாகிட்ட சொல்லிட்டாரான்னு இப்பத்தான் கேக்கறாங்க" என்றார்.

யாருக்குக் கல்யாணம் ஆனது என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்து இந்த ஜோடிக்குத்தான். அப்ரைசல் மேலாளரே பையன் வீட்டில் போய்ப் பேசினாராம், அவருக்கு முழுக்கதையும் தெரியுமே. புது வீட்டில் ஹாலைத் தடுத்து ஒரு அலுவலக அறை போட என்னைத்தான் கூப்பிட்டார்கள். கலர், லேமினேட், அலமாரி எல்லாவற்றையும் என் இஷ்டத்துக்கே விட்டுவிட்டார்கள். அந்தப் பெண் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அக்கா, தடுப்பு ஸ்லாப் வரைக்கும் போயிடணும். உள்ள சத்தத்தை நிறுத்தற ராக்வூல் பஞ்சை டபுளா வெச்சிடுங்க. மாமியார் எங்களோடதான் இருக்காங்க."